பேனல் கதவு: சட்டத்தை இறுக்கு, பலகையை விடு

அலமாரிக் கதவு வேண்டும் என்று யார் வந்தாலும் நான் முதலில் அளவு கேட்பதில்லை. கதவு எந்த ஊருக்குப் போகிறது என்று கேட்பேன். இங்கே காரைக்குடியிலேயே மாட்டப்போகிறார்களா, சென்னையில் கடலோரத்து ஃப்ளாட்டுக்கா, கொடைக்கானல் வீட்டுக்கா? கேட்டுக்கொண்டே இது என்ன மாதம் என்றும் மனசுக்குள் ஒரு கணக்குப் போட்டுக்கொள்வேன். சித்திரை வெயிலில் இழைத்த பலகைக்கும் ஐப்பசி அடைமழையில் இழைத்த பலகைக்கும் காடிக்குள் (பலகை செருகிக்கொள்ளச் சட்டத்தின் உள்ஓரத்தில் எடுக்கும் பள்ளம்) விடவேண்டிய இடைவெளி வேறு. பேனல் வேலையில் மற்றதெல்லாம் கைப்பழக்கம். இந்த இடைவெளிக் கணக்குதான் வேலையின் உயிர்.

பேனல் கதவு என்றால் சுற்றி நாலு சட்டம், நடுவே ஒரு பலகை. பார்க்க அழகாக இருப்பதால் அழகுக்காகச் செய்தது என்று பலரும் நினைக்கிறார்கள். காரணம் அதுவல்ல. மரம் காற்றிலுள்ள ஈரத்தை வாங்கினால் அகலவாக்கில் ஊதும், ஈரம் போனால் சுருங்கும். நீளவாக்கில் கிட்டத்தட்ட அசையவே அசையாது. தேக்கு நல்ல பிள்ளை, மற்ற மரங்களைவிடக் குறைவாகத்தான் ஆடும். ஆனாலும் முகத்தில் மலை மலையாக ரேகை விழுந்த பலகை என்றால், மரத்தின் ஈரம் 1 சதவீதம் கூடும்போது ஒரு அடி அகலத்துக்கு 0.6 மி.மீ. அளவுக்கு விரியும். ரேகை நேர்கோடாக ஓடும் பலகை அதில் பாதிதான் விரியும். மழைக்கும் கோடைக்கும் நடுவே 4 சதவீதம் ஈரம் மாறுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 18 இன்ச் அகலத்துக்கு முழுப் பலகையிலேயே கதவு செய்தால் அது 3.4 மி.மீ. நகரும். எங்கள் கணக்கில் ஒரு நூலுக்கு மேல். (8 நூல் ஒரு இன்ச்.) மழையில் நிலையோடு பிடித்துக்கொள்ளும், கோடையில் இடுக்கு வழியே உள்ளே இருக்கும் பாத்திரம் தெரியும். அதே கதவை 2½ இன்ச் சட்டங்களும் பேனலுமாகச் செய்தால், அகலத்தில் ஆடுவது இரண்டு பக்கச் சட்டங்கள் மட்டும்தான். மொத்தமாக 1 மி.மீ. கூட வராது. நடுப்பலகை எவ்வளவு வேண்டுமானாலும் காடிக்குள் ஊதிச் சுருங்கிக்கொள்ளட்டும், கதவின் அளவு மாறாது.

உலகத்தில் மரவேலை நன்றாக நடந்த இடத்திலெல்லாம் இந்த யோசனை இருக்கிறது. இத்தாலியில் கி.பி. 79-இல் வெசுவியஸ் எரிமலை கக்கிய கொதிக்கும் சாம்பலில் புதைந்த ஹெர்குலேனியத்தில், ஒரு வீட்டின் மரத்தடுப்பு கரியாகி அப்படியே நிற்கிறது. அதிலும் சட்டம், பலகை. சீனாவில் மிங் காலத்து மேசைகளின் மேல்பலகைகூடச் சட்டத்தின் காடிக்குள் மிதக்கிறதுதான்.

எங்கள் ஊருக்கே வருகிறேன். முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் செட்டிநாட்டு வீடுகளைப் பிரித்த கதவுகள் சாய்த்து வைத்திருப்பார்கள். அடுத்த தடவை போனால் ஒரு பர்மாத் தேக்குக் கதவின் பேனலில் உள்ளங்கையை வைத்து மெல்லப் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். பெயிண்ட் பூசி அடைத்திருக்காவிட்டால் இன்னும் லேசாக நகரும். ‘நூறு வருஷ மரம் சார், இனி ஆடாது’ என்று விற்பவர்கள் சொல்வதை நம்பவேண்டாம். பழைய மரம் அவ்வளவு எளிதில் வளையாது, முறுக்காது, அது உண்மை. ஈரம் வாங்குவதை மட்டும் எந்த வயசிலும் விடாது.

சமீபத்தில் ஒரு ஜோடிக் கதவு பழுதுக்கு வந்தது. நல்ல மரம், நல்ல இழைப்பு. செய்தவர் காடி முழுக்கப் பசையை ஊற்றி, போதாததற்குப் பின்பக்கத்திலிருந்து ஒரு இன்ச் ஆணியாலும் பலகையை அடித்திருந்தார். ஒரு கோடைதான், பலகை மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. வீட்டுக்கார அம்மா “மரம் சரியில்லையா தம்பி?” என்று கேட்டார். மரம் ரொம்பச் சரியாக இருந்தது. சுருங்க இடம் கேட்டது, கொடுக்கவில்லை.

கீழே நான் சொல்வது 18 இன்ச் அகலம், 30 இன்ச் உயரத்தில் ஒற்றைப் பேனல் வைத்த அலமாரிக் கதவு. இதைச் செய்துவிட்டால் வாசல் கதவுக்கும் பெட்டிக்கும் இதே கணக்கை நீட்டிக்கொள்ளலாம்.

மரம் எடுப்பது

பழைய மரம் வாங்கினால் முதல் வேலை ஆணி தேடுவது. ஒரு நல்ல காந்தத்தை மரத்தின் மேல் ஓட்டுங்கள். தலை முறிந்து உள்ளே கிடக்கும் ஆணி ஒன்று போதும், இழைப்புளி அலகு போய்விடும். அடுத்து இரும்பு பிரஷ். சுவரோடு இருந்த மரத்தில் சுண்ணாம்பும் மணலும் ரேகைக்குள் இறங்கியிருக்கும், அதைத் தேய்த்து எடுக்காமல் இழைக்கக் கூடாது. தேக்கிலேயே இயற்கையாக மணல்சத்து உண்டு. அதனால்தான் தேக்கு வேலையில் அடிக்கடி சாணைக்கல்லுக்குப் போக வேண்டியிருக்கிறது. சலித்துக்கொள்ளாதீர்கள்.

புது மரம் என்றால் ஈரம் பார்த்து வாங்குங்கள். ஈரம் அளக்கும் சின்ன மீட்டர் இப்போது அதிக விலையில்லை. 12 சதவீதத்தை ஒட்டி இருந்தால் எடுக்கலாம். 18, 20 காட்டினால் கடைக்காரர் என்ன சத்தியம் செய்தாலும் அது இன்னும் பச்சைதான். வேண்டிய அளவுக்குக் கொஞ்சம் கூடவே அறுத்து, நடுவில் குச்சி வைத்து அடுக்கி, பட்டறைக்குள்ளேயே சில வாரம் கிடக்க விடுங்கள். வெயிலில் போட்டுக் காயவைப்பது மரத்தை வெடிக்கவைப்பதற்குச் சுருக்குவழி.

சட்டத்துக்கும் பலகைக்கும் ஒரே மரத்தை எடுத்தாலும் ஒரே மாதிரித் துண்டை எடுக்கக்கூடாது. சட்டத்துக்கு ரேகை நேராக, கணு இல்லாமல், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை ஓட வேண்டும். கதவு நேராக நிற்பதும் முறுக்கிக்கொள்வதும் சட்டத்தின் கையில் இருக்கிறது. அழகான ரேகை, சுழி, நிறவேறுபாடு எல்லாவற்றையும் பலகைக்கு ஒதுக்குங்கள். அங்கே அது காட்சிக்கு இருக்கும், வேலை கெடாது. வெளுத்த வெளிக்கட்டையைச் சட்டத்தில் சேர்க்கவே சேர்க்காதீர்கள். பூச்சி முதலில் அங்கேதான் வரும்.

அளவு

சட்டம் இழைத்து முடிந்தபின் ¾ இன்ச் கனம், அதாவது 6 நூல். அதை மூன்றாகப் பிரித்தால் 2 நூல். குறுக்குச் சட்டத்தின் முனையில் மெலிதாக நீட்டிக்கொண்டிருப்பது நாக்கு, அது போய் உட்கார நிமிர்ந்த சட்டத்தில் போடுவது துளை. காடியின் அகலம், துளையின் அகலம், நாக்கின் கனம் மூன்றும் அதே 2 நூல்தான். கையில் ¼ இன்ச் உளி ஒன்று இருந்தால் முழுக்கதவும் முடியும். காடியின் ஆழம் 3 நூல்.

நிமிர்ந்த சட்டம் இரண்டு, 2½ இன்ச் அகலம். நீளம் 30 இன்ச் வேண்டும், ஆனால் 32 ஆக அறுங்கள். இரண்டு முனையிலும் ஒவ்வொரு இன்ச் கொம்பாக நீண்டு நிற்கட்டும். முனைக்குப் பக்கத்தில் துளை போடும்போது சட்டம் பிளக்காமல் அந்தக் கொம்பு பிடித்துக்கொள்ளும், கடைசியில் அறுத்துவிடலாம். மேல் குறுக்குச் சட்டம் 2½ இன்ச் அகலம், கீழ்ச்சட்டம் 3½ இன்ச். கீழே கொஞ்சம் கனமாக இருந்தால்தான் கதவு கண்ணுக்கு நிற்கும். இரண்டும் ஒரே அகலத்தில் இருந்தால் கீழ்ப்பக்கம் மெலிந்த மாதிரித் தெரியும், ஏன் என்று தெரியாமலேயே பார்ப்பவருக்கு உறுத்தும். குறுக்குச் சட்டத்தின் நீளம் 18¼ இன்ச். நடுவில் தோளிலிருந்து தோள்வரை (தோள் என்பது நாக்கு தொடங்கும் விளிம்பு) 13 இன்ச், இரு பக்கமும் 2½ இன்ச் நாக்கு, வெளியே துருத்த ஒரு நூல் ஒரு நூல்.

ஒவ்வொரு சட்டத்திலும் நல்ல முகத்தில் பென்சிலால் ஒரு சுழி போட்டுவிடுங்கள். மார்க்கிங் கேஜை (ஓரத்துக்கு இணையாகக் கோடு இழுக்கும் கருவி) எப்போதும் சுழி போட்ட பக்கத்திலிருந்துதான் வைக்க வேண்டும். துளைக்கு இந்தப் பக்கத்திலிருந்தும் நாக்குக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் கோடு இழுத்தால், கனத்தில் ஒரு மயிரிழை வித்தியாசம் இருந்தாலும் கதவின் முகத்தில் படி விழும். மூலமட்டம் (செங்கோணம் பார்க்கும் கருவி) வைப்பதும் அதே பக்கத்திலிருந்துதான்.

காடி, துளை, நாக்கு

துளையை முதலில் போடுபவர்கள் உண்டு. நான் காடியை முதலில் எடுத்துவிடுவேன். காடியும் துளையும் ஒரே அகலம் என்பதால் உளி காடிக்குள்ளேயே உட்கார்ந்து நேராக இறங்கும், தனியாகக் கோடு பார்த்துப் பிடிக்கவேண்டிய தொல்லை இல்லை. காடி இழைப்புளி இருந்தால் அதையே எடுங்கள். ரூட்டர் (காடி எடுக்கும் மின்சார மெஷின்) இருந்தால் இன்னும் சுலபம், அதில் எனக்கு எந்தக் கௌரவக் குறைச்சலும் இல்லை. 3 நூல் ஆழத்தை ஒரே வீச்சில் எடுக்காமல் மூன்று தடவையாக எடுங்கள். காடி சட்டத்தின் முழு நீளத்துக்கும் ஓடட்டும், முனையில் நிறுத்த வேண்டாம்.

துளை ஆரப்பாரமாகப் போகிறது, அதாவது சட்டத்தின் 2½ இன்ச் அகலத்தையும் தாண்டி மறுபக்கம் வருகிறது. இரண்டு ஓரத்திலும் கோடு போட்டு, காடிப் பக்கத்திலிருந்து பாதி, வெளி ஓரத்திலிருந்து பாதி இறங்குங்கள். ஒரே பக்கத்திலிருந்து முழுக்க இறங்கினால் மறுபக்கத்தில் பெயர்ந்து வரும். மேல்சட்டத்துக்கான துளையின் நீளம் 1½ இன்ச், கீழ்ச்சட்டத்துக்கு 2½ இன்ச். இந்தக் கணக்கு எப்படி வந்தது என்று பார்த்துக்கொள்ளுங்கள்: மேல்சட்டத்தின் 2½ இன்ச்சில் உள்பக்கம் காடி 3 நூலைத் தின்றுவிட்டது. வெளிப்பக்கம் 5 நூல் விடுகிறோம். மீதி 1½.

அந்த 5 நூலை ஒரேயடியாக வெட்டி எறிந்துவிடக் கூடாது. நிமிர்ந்த சட்டத்தின் காடி முனைவரை ஓடியதால் அங்கே ஒரு ஓட்டை இருக்கிறது இல்லையா, அதை அடைப்பதற்கு நாக்கின் ஓரத்தில் 3 நூல் நீளத்துக்கு ஒரு சின்னப் படி விட வேண்டும். புதிதாகக் கற்றுக்கொள்பவர்கள் மறந்துவிடுவது இந்தப் படியைத்தான். மறந்தால் கதவின் மேல்விளிம்பில் ஒரு சதுர ஓட்டை தெரியும். அதைவிட முக்கியம், குறுக்குச் சட்டம் முறுக்கிக்கொள்ளாமல் பிடிப்பதும் அந்தப் படிதான்.

நாக்கு அறுக்கும்போது பொடிப்பல் கை ரம்பம் எடுங்கள். கோட்டை வைத்துக்கொண்டு கோட்டுக்கு வெளியே அறுக்க வேண்டும். தோளில் மட்டும் ரம்பத்தை நம்ப மாட்டேன். கூரான கத்தியால் ஆழமாகக் கீறி, அந்தக் கீறலை ஒட்டி உளியால் ஒரு சரிவு எடுத்து, அதன்பிறகுதான் ரம்பம். கதவு முடிந்தபின் உங்கள் வேலையை எடைபோட எல்லோரும் பார்க்கும் இடம் தோள் சட்டத்தோடு சேரும் அந்த ஒரு கோடுதான்.

நாக்கு துளைக்குள் எவ்வளவு இறுக்கமாகப் போக வேண்டும்? கையால் பாதி போக வேண்டும், மீதிக்குக் கொட்டாப்புளியால் (மரச்சுத்தியல்) மெல்லத் தட்ட வேண்டும். முதல் தட்டிலிருந்தே ஓங்கி அடிக்கவேண்டியிருந்தால் நாக்கு தடிமன். அப்படியே ஏற்றினால் சட்டம் பிளக்கும்.

பலகை

நாலு சட்டத்தையும் பசையில்லாமல் கூட்டி, நடுவில் இருக்கும் திறப்பை அளந்து பாருங்கள். காகிதத்தில் 13 இன்ச்சுக்கு 24 இன்ச். கையில் ஒரு அரை நூல் அப்படி இப்படி வரும். கையில் வந்த அளவுதான் அளவு. காடி ஆழம் இரண்டு பக்கமும் சேர்த்து 6 நூல். ஆக பலகைக்குக் கிடைக்கும் முழு இடம் 13¾ இன்ச் அகலம், 24¾ இன்ச் உயரம்.

உயரத்தில் ஒரு நூல் குறைத்து 24⅝ என்று அறுத்துவிடுங்கள். நீளவாக்கில் மரம் அசையாது, அது வெறும் கூட்டும் வசதிக்காக.

அகலம்தான் மாதத்தைப் பார்க்கிற இடம். பங்குனியிலிருந்து அக்னி நட்சத்திரம் வரை, ஆடிக்காற்று வறட்டிக்கொண்டு அடிக்கிற நாட்களிலும், பலகை மிக ஒடுங்கியிருக்கிறது. இனிமேல் அதற்கு ஊதத்தான் தெரியும். முழு இடத்தில் ஒன்றரை நூல் குறைத்து அறுங்கள். இந்தக் கதவின் பலகை 4 சதவீத ஈரத்துக்கு இரண்டரை மி.மீ. விரியும், ஒன்றரை நூல் என்பது 4.8 மி.மீ. மழையிலும் சட்டத்தை நெம்பாது. ஐப்பசி, கார்த்திகையில் செய்கிறீர்கள் என்றால் பலகை ஏற்கெனவே ஊதி நிற்கிறது. அரை நூல் விட்டால் போதும். கோடையில் அது சுருங்கும், சுருங்கினாலும் காடிக்குள் பிடிப்பு நிறைய மிச்சமிருக்கும். மழைநாளில் ஒன்றரை நூல் விட்டுச் செய்தால் கோடையில் பலகை கடகடவென்று ஆடும். வெயிலில் அரை நூல் விட்டுச் செய்தால் மழையில் சட்டத்தின் தோளைப் பிரித்துவிடும். இரண்டில் எது மோசம் என்றால் இரண்டாவதுதான்.

ஊர் மாறினாலும் இதேதான். இங்கே கோடையில் செய்து கடலோரத்து வீட்டுக்கு அனுப்பும் கதவு மழைக்காலம்வரை காத்திருக்காது, போய் இறங்கிய கொஞ்ச நாளிலேயே ஊதத் தொடங்கும். அதற்கு 2 நூல் விடுவேன். எப்போதும் ஏ.சி. ஓடும் அறைக்குப் போனால் எதிர்த்திசை: உலர்ந்துகொண்டே இருக்கும், குறைவாக விட்டால் போதும். ரேகை நேராக ஓடும் பலகை கிடைத்தால் மேலே சொன்ன எல்லாவற்றையும் முக்காலாக்கிக்கொள்ளலாம்.

13 இன்ச் அகலத்துக்கு ஒரே பலகை இப்போது கிடைப்பது அபூர்வம். இரண்டு துண்டை ஒட்டலாம், தப்பில்லை. ஒட்டுவதற்குமுன் ஓரத்தைத் தின்னர் தொட்ட துணியால் துடையுங்கள். தேக்கின் எண்ணெய் மேலே வந்து பசையைப் பிடிக்கவிடாது. இழைத்த அன்றே ஒட்டுவது உத்தமம். இரண்டு துண்டின் ரேகையும் ஒரே திசையில் இழைக்க வருகிறதா என்றும் பார்த்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒன்றைச் சுத்தமாக்கும்போது மற்றது பிய்த்துக்கொண்டு வரும்.

பலகையின் கனம் ½ இன்ச், 4 நூல். நடுவை உயரமாக விட்டு நாலு பக்கமும் 1½ இன்ச் அகலத்துக்குச் சரிவாக இழைத்து, விளிம்பு 2 நூல் கனத்தில் காடிக்குள் போக வேண்டும். பின்பக்கம் தட்டையாகவே இருக்கட்டும். அப்படிச் செய்தால் பலகையின் நடுமுகம் சட்டத்தின் முகத்தோடு ஒரே மட்டமாக வரும், கணக்குப் போட்டுப் பாருங்கள்.

சரிவை விளிம்புவரை ஒரே சாய்வாகக் கொண்டுபோகிறவர்கள் நிறையப் பேர். அது எனக்கு ஒப்பாது. சரிந்த விளிம்பு ஒரு ஆப்பு. பலகை ஊதி உள்ளே நகரும்போது காடியின் உதட்டை விரித்துப் பிளக்கும். கடைசி 3 நூலுக்குச் சரிவை நிறுத்தி, தட்டையாக, ஒரே கனமாக விட்டுவிடுங்கள். காடிக்குள் போவது அந்தத் தட்டையான பகுதி மட்டும்.

முதலில் ரேகைக்குக் குறுக்கே இருக்கும் மேல், கீழ் முனைகளை இழையுங்கள். முடிவில் மூலை கொஞ்சம் பெயரும். அடுத்து நீளவாக்குப் பக்கங்களை இழைக்கும்போது பெயர்ந்தது தானாகவே போய்விடும். திருப்பிச் செய்தால் பெயர்ந்த மூலை உங்களோடேயே இருக்கும். ஒரு துண்டுக் கட்டையில் அதே காடியை எடுத்து வைத்துக்கொண்டு, விளிம்பு நெடுக அதைத் தள்ளிப் பாருங்கள். எங்கே சிக்குகிறதோ அங்கே ஒரு இழை. அந்தக் கட்டை விளிம்பின் மேல் தட்டாமல், தளர்ந்து ஆடாமல் வழுக்கிப் போக வேண்டும்.

பலகைக்குப் பாலிஷ் போடுவது கூட்டுவதற்கு முன்னால். இதைத் தடித்த எழுத்தில் போடலாம் என்றிருக்கிறேன். கூட்டியபிறகு பாலிஷ் போட்டால், கோடையில் பலகை சுருங்கும்போது காடிக்குள் ஒளிந்திருந்த பாலிஷ் படாத விளிம்பு வெள்ளைக் கோடாக வெளியே வரும். அடுத்த நாள் போன் வரும். உப்புத்தாள் 120, 180, 220 என்று தேய்த்து, ஸ்பிரிட்டில் கரைத்த அரக்கைப் பஞ்சுத்துணியால் முன்னும் பின்னும் விளிம்பும் சேர்த்து ஏற்றுங்கள். பின்பக்கத்துக்கு என்ன அவசியம் என்று விடவேண்டாம். ஒரு பக்கம் மட்டும் பூசிய பலகை இரண்டு பக்கமும் வேறு வேறு வேகத்தில் ஈரம் வாங்கிக் குழிந்துபோகும். பாலிஷ் எதுவானாலும் ஈரத்தை மெதுவாக்கும், நிறுத்தாது. ‘பி.யூ. (பாலியூரித்தேன் பூச்சு) போட்டாச்சு, இனி கேப் எதுக்கு?’ என்று கேட்பவர்களுக்கும் இதே பதில்தான்.

கூட்டுவது

மூங்கில் ஆணியைத் தயார் செய்து வைத்துக்கொள்ளுங்கள். நன்றாக முற்றி உலர்ந்த மூங்கில், தோலை ஒட்டிய பகுதி. அறுக்காமல் கத்தியால் பிளந்து, 2 நூல் கனத்துக்குச் சீவி, முனையை மட்டும் கூராக்குங்கள். நிமிர்ந்த சட்டத்தில் துளை இருக்கும் இடத்தில், உள்ஓரத்திலிருந்து ¾ இன்ச் தள்ளி ¼ இன்ச் டிரில் போடுங்கள். துளைக்குள் ஒரு வெட்டுத்துண்டைச் செருகிவிட்டு டிரில் போட்டால் உள்ளே சிலாம்பு கிளம்பாது. பிறகு நாக்கை ஏற்றி, டிரில்லின் முனையால் நாக்கின் மேல் புள்ளி வையுங்கள். நாக்கை உருவி, அந்தப் புள்ளியிலிருந்து தோள் பக்கமாக அரை நூலுக்கும் குறைவாக நகர்த்தி நாக்கில் ஓட்டை போடுங்கள். ஆணி உள்ளே இறங்கும்போது இரண்டு ஓட்டையையும் நேராக்கப் பார்க்கும், அந்த வேகத்தில் தோளை இழுத்துச் சட்டத்தோடு ஒட்டவைத்துவிடும். நகர்த்தவேண்டிய திசையை மாற்றிப் போட்டால் ஆணி தோளைப் பிரித்துத் தள்ளும். அதனால் டிரில் எடுக்குமுன் ஒரு தடவைக்கு இரண்டு தடவை யோசியுங்கள்.

இப்படி ஆணி இழுத்துப் பிடித்தால் பசையே வேண்டாம். பெரியப்பா காலத்தில் வஜ்ஜிரப் பசை காய்ச்சி வைப்பார்கள், அதுவும் எல்லா வேலைக்கும் இல்லை. நான் இப்போது நாக்கில் மட்டும் வெள்ளைப் பசை கொஞ்சம் தடவுகிறேன். தோளுக்குப் பக்கத்தில் தடவ மாட்டேன், வழிந்து காடிக்குள் போய்விடும். பலகையின் நாலு மூலையிலும் விளிம்பிலும் மெழுகுவத்தியைத் தேய்த்து வைத்தால், வழிந்த பசையும் பலகையைப் பிடிக்காது.

ஒரு நிமிர்ந்த சட்டத்தைப் படுக்கவைத்து இரண்டு குறுக்குச் சட்டத்தையும் ஏற்றுங்கள், பலகையை இரண்டுக்கும் நடுவே காடியில் தள்ளுங்கள், அடுத்த நிமிர்ந்த சட்டத்தை மூடுங்கள். கிளாம்ப் போட்டு, மூலைக்கு மூலை குறுக்காக அளந்து பாருங்கள். இரண்டு அளவும் ஒன்றாக இருந்தால் சதுரம். இல்லாவிட்டால் நீளமாக இருக்கும் குறுக்களவின் திசையில் கிளாம்பைச் சாய்த்து இறுக்கினால் சரியாகிவிடும். மேலே ஒன்றும் கீழே ஒன்றுமாக இரண்டு நேரான கட்டையைக் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடி ஒன்றின் மேல் ஒன்றைப் பாருங்கள். இரண்டும் இணையாகத் தெரிந்தால் முறுக்கு இல்லை. முறுக்கை இப்போது திருத்தலாம், பசை காய்ந்தபிறகு முடியாது. பிறகு மூங்கில் ஆணிகளை அடியுங்கள்.

பலகை ஒரு பக்கமாக ஒதுங்காமல் இருக்க, மேல் சட்டத்திலும் கீழ்ச்சட்டத்திலும் சரியாக நடுவில், பின்பக்கத்திலிருந்து ஒரு சின்ன முள் ஆணி. இரண்டே இரண்டு, நடுவில் மட்டும். நடு நின்றுவிட்டால் ஊதுவதும் சுருங்குவதும் இரண்டு பக்கமும் சமமாகப் பிரியும். மேலே நான் குறை சொன்ன கதவில் இருந்த ஆணிகளுக்கும் இதற்கும் வித்தியாசம் இடம்தான்.

காய்ந்ததும் கொம்புகளை அறுங்கள், துருத்தும் நாக்கையும் ஆணியையும் இழைத்து மட்டமாக்குங்கள். தோள் சேரும் இடத்தில் இழைப்புளியை வெளியிலிருந்து உள்ளே தள்ளுங்கள், குறுக்குச் சட்டத்திலிருந்து நிமிர்ந்த சட்டத்துக்குள் பாயவிட்டால் ரேகை கிழியும். சட்டத்துக்கு இப்போது பாலிஷ். காடியும் பலகையும் சேரும் இடுக்கில் பாலிஷ் தேங்கிக் கெட்டியாகி ஒட்டிக்கொள்ளாமல் துணியால் துடைத்துவிடுங்கள். பழைய கதவுகளுக்குப் பெயிண்ட் அடிக்கும்போதும் இதே எச்சரிக்கைதான். பெயிண்ட் போட்டு அடைத்துத்தான் எத்தனையோ நல்ல பேனல்கள் பிளந்திருக்கின்றன.

மாட்டும்போது கீல் பக்கம் ஒட்டியே இருக்கலாம், பூட்டுப் பக்கம் அரை நூல் இடைவெளி போதும். வறண்ட மாதத்தில் மாட்டினால் முக்கால் நூல். தேக்கில் பித்தளை ஸ்குருவை நேரடியாக முடுக்கினால் தலை முறிந்து உள்ளே நின்றுவிடும். முதலில் டிரில், அதில் அதே அளவு இரும்பு ஸ்குருவை ஒரு தடவை ஏற்றி இறக்கி மரை விழவைத்துவிட்டு, அதன்பிறகு மெழுகு தொட்ட பித்தளை ஸ்குருவைக் கையால் முடுக்குங்கள், மெஷினால் வேண்டாம். வெளியூருக்குப் போகும் கதவாக இருந்தால் கீல் மட்டும் மாட்டி, பூட்டுக்கு வெட்டாமல் அனுப்பி, அங்கே இரண்டு வாரம் கழித்துப் பூட்டு வையுங்கள்.